பரங்கிக்காயை வற்ற வைப்போம்

(கூனிமேட்டில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தக் கடற்கரையில் வருமானம் வற்றத் தொடங்கும். மரக்காணம் உப்பளங்களில் தை, மாசியில் சூடுபிடிக்கிற வேலை வடகிழக்குப் பருவமழையோடு நின்றுபோகிறது. பாத்தியில் மழைநீர் தேங்கி நிற்கும்போது வாருவதற்கு உப்பு ஏது? புயல் எச்சரிக்கை வந்தால் குப்பத்துப் படகுகளும் கரையில்தான் கிடக்கும். அதே மாதங்களில் சந்தையில் தக்காளியும் வெங்காயமும் கத்தரிக்காயும் விலை ஏறும். வேலையும் இல்லை, காய்கறியும் எட்டவில்லை என்று இருபக்கமும் நெருக்குகிற இந்தக் காலத்தில், மலிவாகவும் கெடாமலும் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கக்கூடிய காய் பரங்கிக்காய். அதை நாம் வாங்கத்தான் செய்கிறோம். விரும்பித் தின்கிறோமா என்றால் பெரும்பாலான வீடுகளில் இல்லை. சாம்பாரில் கிடக்கும் பரங்கித் துண்டைக் குழந்தைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார்கள். பெரியவர்கள் கடமைக்கு விழுங்குகிறார்கள். கொழகொழ என்றிருக்கிறது, சப்பென்றிருக்கிறது, திகட்டுகிறது என்று மூன்று குறைகள் சொல்கிறார்கள். மூன்றும் உண்மை. ஆனால் அவை காயின் குறைகள் அல்ல, நாம் அதைச் சமைக்கும் விதத்தின் குறைகள் என்பது என் வாதம். நாம் பரங்கியைத் தண்ணீரில் போட்டு வேக வைக்கிறோம். அதற்குத் தேவை நேர் எதிரானது. அதனுள்ளே இருக்கிற தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

இதை வேறு ஊரில் சொல்வதைவிட இங்கே சொல்வது எளிது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆனால் கையில் அள்ள முடியாது. அந்த நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் வற்ற வைத்து, பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, உப்புநீரின் செறிவை அளக்கும் போமே மானியில் 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்குகிறது. பரங்கிக்காயிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். மிச்சமுள்ள எட்டு, ஒன்பது பங்குக்குள் அதன் இனிப்பு, மாவு, நார், நிறம், மணம் எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன. அதன்மேல் இன்னும் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினால் சுவை எங்கே போய்த் தெரியும்? இன்னொன்றும் இருக்கிறது. சட்டியில் தண்ணீர் இருக்கிறவரை சூடு 100 டிகிரி செல்சியசைத் தாண்டாது. காயின் மேற்பரப்பு உலர்ந்த பிறகுதான் அது மேலே ஏறும். 140 டிகிரியை ஒட்டி, காயில் உள்ள சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் சேர்ந்து சிவந்து மணக்கும் வேதிவினை வேகம் பிடிக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் 1912-இல் எடுத்துக்காட்டிய வினை அது. தோசையின் முறுகல், வறுத்த மீனின் மேல்தோல், ரொட்டியின் ஓடு எல்லாவற்றின் மணமும் அதிலிருந்தே வருகிறது. சாம்பாரில் மிதக்கிற பரங்கித் துண்டுக்கு அந்தச் சூடு ஒருநாளும் கிடைப்பதில்லை.

இந்த அறிவு நமக்குப் புதிதும் அல்ல. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய பகுதியே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அங்கே பாணர்களுக்குக் கிடைக்கும் விருந்து என்ன? உலர்ந்த குழல்மீனைச் சுட்டது. நீரை முதலில் போக்கி, பிறகு நெருப்பில் காட்டுகிற வழக்கம் இந்தக் கரைக்கு அவ்வளவு பழையது. காய்கறியிலும் நம் வீட்டுச் சமையல் இதை அறியும். வெண்பூசணியைப் பாருங்கள். அதில் நூற்றுக்கு 96 பங்கு தண்ணீர். பரங்கியைவிட நீர்த்த காய். அதைத் துருவிப் பிழிந்து, மீதி நீரும் சுண்டும்வரை கிளறி, சர்க்கரையும் நெய்யும் சேர்த்தால் கல்யாணப் பந்தியில் முதலில் தீர்கிற காசி அல்வா. அதே துருவலைப் பிழிந்து உளுந்து மாவோடு சேர்த்துக் காய வைத்தால் வடகம். கத்தரிக்காயை வேக வைத்து மசிப்பதற்கும், தணலில் சுட்டுத் தோலுரித்துக் கொத்சு செய்வதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். கேரளத்து எரிசேரியில் பரங்கி குழைந்துதான் இருக்கும். ஆனாலும் கடைசியில் சிவக்க வறுத்த தேங்காயைக் கொட்டித்தான் அதை நிமிர்த்துகிறார்கள். நீர்த்த காய்க்கு நீர் பகை என்று தெரிந்த சமையல் நம்முடையது. அந்த அறிவைப் பரங்கிக்கு மட்டும் ஏனோ கொடுக்காமல் விட்டுவிட்டோம். மலிவான காய்க்கு அவ்வளவு மெனக்கெடுவானேன் என்ற எண்ணம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

எப்படிச் செய்வது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். முறை தெரியாமல் வாதம் மட்டும் தெரிந்து பயனில்லை. அரைக் கிலோ பரங்கிப் பத்தையை வாங்கும்போது சதையின் நிறத்தைப் பாருங்கள். வெளிறிய மஞ்சளை விட்டுவிட்டு, காவிக்கு நெருங்கிய ஆழ்ந்த நிறத்தை எடுங்கள். விதையையும் நடுவிலிருக்கும் நாரையும் வழித்துவிட்டு, தோலோடு இரண்டு விரல் கனத்தில் நறுக்குங்கள். முக்கால் தேக்கரண்டி உப்பைத் தூவிப் பிசிறி இருபது நிமிடம் விடுங்கள். உப்பு காயின் உயிரணுக்களிலிருந்து நீரை வெளியே இழுக்கும். கிண்ணத்தின் அடியில் நீர் கோத்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதை வடித்து வைத்துக்கொள்ளுங்கள், ரசத்துக்கு ஆகும். துண்டுகளைத் துணியில் ஒற்றி எடுங்கள். கனத்த இரும்புச் சட்டியைக் காய வைத்து, இரண்டு மேசைக்கரண்டி மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் விட்டு, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்துப் போட்டால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று வெந்து பழைய கதையே ஆகிவிடும். தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் மூடுங்கள், பிறகு திறந்துவிடுங்கள். கரண்டியை எடுக்காதீர்கள். இங்கே வழிகாட்டி காதுதான். முதலில் சொய்யென்று பெருஞ்சத்தம் வரும். அது நீர் ஆவியாகிற சத்தம். மெல்ல அது தணிந்து சிறு பொரிசத்தமாக மாறும்போது அடிப்பக்கம் உலர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது ஒருமுறை, ஒரே ஒருமுறை, திருப்பிப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஓரம் கறுத்துச் சிவந்ததும் நசுக்கிய பூண்டு, மிளகாய்த்தூள், சீரகத்தூள் போட்டு ஒரு நிமிடம் புரட்டி இறக்க வேண்டியதுதான். கூனிக் கருவாடு கைவசம் இருந்தால், மண் போக அலசி, தனியே முறுக வறுத்துக் கடைசியில் கலக்கலாம். அதன் உப்பும் மணமும் பரங்கியின் இனிப்போடு பொருந்துவதைப் போல் வேறு எந்தக் காயோடும் பொருந்தாது என்பேன். கருவாடு சேர்க்காத வீட்டில் வறுத்துப் பொடித்த மல்லாட்டை அந்த வேலையைச் செய்யும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். சாம்பாரும் பால் கூட்டும் என்ன பாவம் செய்தன, காய் வெந்த நீரையும் நாம்தானே குடிக்கிறோம், சத்து எங்கே வீணாகிறது? நியாயமான கேள்வி. சத்து வீணாகிறது என்று நான் சொல்லவில்லை. பரங்கியின் பெரிய செல்வம் பீட்டா கரோட்டின் என்ற மஞ்சள் நிறப்பொருள். உடல் அதிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்கிறது. அது நீரில் கரைவதில்லை. ஆகவே வேக வைத்த நீரோடு போய்விடும் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அது கொழுப்பில் கரைவது. எண்ணெயோ நெய்யோ தேங்காய்ப்பாலோ துணைக்கு இல்லாமல் குடல் அதை ஏற்பது மிகக் குறைவு. அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பே இல்லாத சாலட் டிரெஸ்ஸிங் ஊற்றிக் காய்கறிக் கலவையைத் தின்றவர்களின் இரத்தத்தில் கரோட்டின் வகைகள் ஏறக்குறைய ஏறவே இல்லை. எண்ணெய் சேர்ந்தபோதுதான் ஏறின. அதற்கு நிறைய எண்ணெய் வேண்டும் என்பதும் இல்லை; ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒரு தேக்கரண்டி போதும். தாளித்த சாம்பாருக்கு இந்தத் தகுதி உண்டு, தேங்காய் அரைத்த கூட்டுக்கும் உண்டு. எண்ணெயே ஆகாது என்று வெறும் நீரில் அவித்து உண்பவர்கள்தான் இழக்கிறார்கள். சத்துக் கணக்கில் நீருக்கும் சட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் வாதம் நிற்கிறது. ஏனென்றால் தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட துண்டில் எவ்வளவு சத்து இருந்தாலும் அது யாருக்கும் சேராது. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளுக்குக் கண் போகாமல் தடுக்க, ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு, இந்திய அரசு 1970-இல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்து புகட்டும் திட்டத்தைத் தொடங்கியது. அது நல்ல திட்டம், தொடர வேண்டிய திட்டம். அதோடு, குழந்தை கேட்டு வாங்கித் தின்கிற பரங்கித் துண்டும் வேண்டும். 1990-களில் இந்தோனேசியாவில் பள்ளிச் சிறுவர்களிடம் நடந்த ஆய்வு, கீரையில் உள்ள கரோட்டினைவிட ஆரஞ்சு நிறப் பழவகைகளில் உள்ள கரோட்டினை உடல் எளிதாக எடுத்துக்கொள்கிறது என்று காட்டியிருக்கிறது. கீரை வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. பரங்கியைக் கீரைக்குப் பின்னால் நிறுத்த வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அதிகச் சூட்டில் சத்து அழியாதா என்பது அடுத்த கேள்வி. வைட்டமின் சி குறையும், மறுக்கவில்லை. கரோட்டின் சமையற்சூட்டை ஓரளவு நன்றாகவே தாங்கும். அது தாங்காதது வெயிலை. இந்தக் கரையில் எதைக் கண்டாலும் மணலில் பரப்பிக் காய வைக்கிற பழக்கம் உண்டு. மீனுக்கும் மிளகாய்க்கும் அது சரி. பரங்கிக் கீற்றை நேர் வெயிலில் நாட்கணக்கில் காய வைத்தால் நிறம் வெளுக்கும், வெளுத்த அளவுக்குக் கரோட்டினும் போய்விடும். வற்றல் போட விரும்புபவர்கள் நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். மழைமாதத்தில் அதுவும் கடினம். ஆகவே வற்ற வைக்க அடுப்பே நல்ல இடம்.

மழைமாதத்துக்கும் இந்தக் காய்க்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2 என்ற ரகம் 135 நாளில் முடிவது. ஆடிப்பட்டத்தில் ஊன்றினால் கார்த்திகையில் காய் வீட்டுக்கு வரும். கோ 1 இன்னும் நீண்ட ரகம், 175 நாள். காய் ஒவ்வொன்றும் ஏழெட்டுக் கிலோ. மார்கழிக் கோலத்தில் சாணத்தின்மேல் வைக்கிற பூசணிப்பூ இந்தக் கொடிகளில் பூப்பதுதான். முற்றிய காயைக் காம்போடு அறுத்து, நகத்தால் அழுத்தினால் தோல் கீறாத பதத்தில் இருக்கிறதா என்று பார்த்து, கழுவாமல், ஈரம் படாத இடத்தில் வைக்கோல்மேல் வைத்தால், குளிர்பதனப் பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் நிற்கும். பக்குவமாக வைத்தால் மாதக்கணக்கிலும் நிற்கும். வைத்திருக்கும்போதே அதில் உள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால் இனிப்பும் கூடும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2020 நவம்பரில் மரக்காணத்தை ஒட்டியே கரையைக் கடந்த நிவர், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரை பட்ட அடிகளை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஃபெஞ்சலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை பெய்தது. சாலை அறுந்து மின்சாரமும் நின்றுபோன நாட்களில் குளிர்பதனப் பெட்டியில் உள்ள காய்கறிக்கு மதிப்பில்லை. மூலையில் அறுக்காமல் வைத்திருந்த பரங்கிக்கு அப்போதும் மதிப்பு உண்டு. ஏழு கிலோக் காயை அறுத்துவிட்டால் நாலு பேர் உள்ள வீடு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி, அறுத்த காய் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதனால்தான் ஒன்றரை, இரண்டு கிலோவில் காய்க்கிற கோ 2-ஐயும், ஒரு கிலோவையொட்டிக் காய்க்கிற அர்கா சூரியமுகியையும் வீட்டுத் தோட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். தர்பூசணி விளைகிற மரக்காணத்து மணல்நிலம், அதே குடும்பத்துப் பரங்கிக்கும் ஒத்துப்போகும்.

இனி ஓவனில் சுடுவது பற்றி. பரங்கியில் கேக், பரங்கியில் ரொட்டி என்றால் மேல்நாட்டைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்வது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன். நம் சமையலை மறந்து அடுத்தவர் சமையலுக்குத் தாவக் கூடாது என்ற கவலை அது. ஆனால் இந்தக் காயின் கதை வேறு. பரங்கி அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. போர்ச்சுக்கீசியர் கப்பல்கள் இங்கே வரத் தொடங்கிய பிறகுதான் மிளகாயோடும் தக்காளியோடும் நம் தோட்டத்துக்கு வந்தது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அச்சான முதல் சமையல் நூல் என்று சொல்லப்படும் அமீலியா சிம்மன்ஸின் 1796-ஆம் ஆண்டு நூலிலேயே பரங்கியை முட்டை, பால், மசாலாவோடு மாவுக்கூட்டில் வைத்துச் சுடும் முறை இருக்கிறது. இன்று அமெரிக்காவில் அந்தப் பலகாரத்துக்கு டின்னில் அடைத்து விற்கிற பரங்கிக் கூழ் பெரும்பாலும் டிக்கின்சன் என்ற ரகம். அது நம் சந்தையில் பத்தை போட்டு விற்கிற பரங்கியின் அதே இனம். அதில் சேர்கிற மசாலாவோ பட்டை, இஞ்சி, கிராம்பு, சாதிக்காய். பட்டை இலங்கையிலிருந்து போனது. கிராம்பும் சாதிக்காயும் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்து போனவை. காய் அங்கிருந்து வந்தது, மணம் இந்தப் பக்கத்துக் கடல்களிலிருந்து அங்கே போனது. இதில் யார் யாரைப் பார்த்துச் செய்கிறார்கள்? தாய்லாந்தில் சிறிய பரங்கியின் தலையைச் சீவி, உள்ளே வழித்துவிட்டு, முட்டையும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் அடித்து ஊற்றி, முழுதாக ஆவியில் வேக வைத்துக் கீற்றாக அறுத்துத் தருகிறார்கள். நம் முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்கு வட்டிலப்பம் செய்கிற கைகளுக்கு அந்தக் கலவை புதிதா? முட்டையை அடிக்கத் தெரியும், தேங்காய்ப்பால் பிழியத் தெரியும், ஆவிப் பக்குவம் தெரியும். கிண்ணத்துக்குப் பதில் பரங்கி, அவ்வளவே வேறுபாடு. நபிகள் நாயகம் சுரைக்காயை விரும்பி உண்டார்கள் என்று ஹதீஸில் படித்தவர்கள், சுரையின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு காய்க்கும் பெருநாள் விருந்தில் இடம் தருவார்கள் என்று நம்புகிறேன்.

ஓவன் இல்லாத வீட்டில் எப்படிச் சுடுவது? இந்த ஊரில் அதற்குப் பதில் சாக்கில் கிடக்கிறது. பழைய கனத்த குக்கரிலோ அடிகனத்த பாத்திரத்திலோ ஒரு அங்குல உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடி, மெல்லிய தீயில் பத்து நிமிடம் காய விடுங்கள். குக்கரானால் ரப்பரையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். உப்பு உருகுவதற்கு 801 டிகிரி வேண்டும். உங்கள் அடுப்புச் சூட்டை அது வாங்கி வைத்துக்கொண்டு சீராகத் திருப்பித் தரும், அடிபிடிக்க விடாது. கேக்குக்குப் பரங்கியை நீரில் போடாமல் இட்லிப் பானையில் ஆவியில் வேக வைத்து மசியுங்கள். மசித்ததை வாணலியில் போட்டு, கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும்வரை கிளறி நீரை ஓட்டுங்கள். இந்த ஒரு படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கேக் நடுவில் களியாகப் போவதற்கு அதுதான் காரணம். அந்தக் கூழ் 200 கிராம், கோதுமை மாவு 200 கிராம், பொடித்த பனைவெல்லம் 150 கிராம், முட்டை இரண்டு, கடலை எண்ணெய் 100 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, சுக்கும் ஏலமும் கிராம்பும் பொடித்தது, ஒரு சிட்டிகை உப்பு. மாவைச் சேர்த்தபின் அதிகம் அடிக்காமல் கலந்து, எண்ணெய் தடவிய தகரத்தில் ஊற்றி, காய்ந்த உப்பின்மேல் இறக்கி மூடுங்கள். ஐம்பது நிமிடத்தை ஒட்டி, குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வரும். ஆறிய பிறகு உப்பைத் தனி டப்பாவில் எடுத்து வைத்தால் அடுத்த முறைக்கும் அதுவே ஆகும், குழம்புக்கு எடுக்காதீர்கள். பாத்திரத்தில் விட்டுவிட்டால் ஈரம் இழுத்து அரித்துவிடும் என்பதை உப்புக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சார ஓவன் உள்ளவர்கள், 1,500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் இடைவிடாமல் இழுத்தாலும் ஒன்றரை யூனிட்தான் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பருவத்தின் மற்றக் காய்கள் எல்லாவற்றுக்கும் இதே விதி பொருந்தாது. அவரைக்காய்க்கு விரைந்த சூடு போதும். சேப்பங்கிழங்கும் கருணையும் முதலில் நன்றாக வேக வேண்டும், புளியும் சேர வேண்டும். இல்லையென்றால் நாக்கு அரிக்கும். ஆனால் மார்கழி, தையில் வருகிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு என் வாதத்துக்குப் பரங்கியைவிட வலுவான சாட்சி. அந்தக் கிழங்கில் மாவுச்சத்தை இனிப்பாக உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அது 60 முதல் 75 டிகிரிச் சூட்டில் நன்றாக வேலை செய்யும், அதற்கு மேலே சூடு ஏறினால் செத்துவிடும். குக்கரில் மூன்று விசில் விட்டால் கிழங்கு அந்தச் சூட்டை நிமிடங்களில் தாண்டிவிடுகிறது. நொதிக்கு நேரமே கிடைப்பதில்லை. அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்டால் சூடு மெல்ல ஏறும், நொதி நிதானமாக வேலை பார்க்கும், நீரும் வற்றும். சாம்பலில் சுட்ட கிழங்கு தேன் கசிய இருப்பதற்கு இதுதான் காரணம். சாம்பல் அடுப்பு இன்று பல வீடுகளில் இல்லை. அதே காய்ந்த உப்பின்மேல் தோலோடு வைத்து மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிகள் பரங்கியைத் தொடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். 100 கிராம் பச்சைப் பரங்கியில் மாவும் சர்க்கரையும் சேர்ந்து ஆறேழு கிராம்தான். அதே எடை வெந்த சோற்றில் 28 கிராமை ஒட்டி இருக்கிறது. வற்ற வைத்தால் இனிப்பு செறியுமே என்றால், ஆம், நாக்குக்குச் செறியும். ஆனால் பச்சையாக எடை போட்ட 100 கிராமில் இருந்ததற்கு மேல் ஒரு துளியும் அதில் புதிதாக உண்டாவதில்லை. வெந்தபின் எடை போடாமல் நறுக்கும்போதே அளந்துகொள்வது நல்லது. மேலே சொன்ன கேக் வேறு கணக்கு. அதில் மாவும் வெல்லமும் சேர்கின்றன, அளவோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும், மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

கடைசியாக ஒரு மறுப்பு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கனமானதாகத் தெரிகிறது. உப்பளத்தில் வெயிலில் நின்றுவிட்டு வருகிற பெண்ணிடம், மீன்கூடை சுமந்துவிட்டு வருகிற பெண்ணிடம், இருபது நிமிடம் ஊற வை, துணியில் ஒற்று, காதால் கேட்டுக்கொண்டிரு என்று சொல்வது நியாயமா? சாம்பாரில் போட்டுவிட்டுப் போவது அவள் களைப்புக்குக் கிடைத்த சிறு வசதி, அதையும் பிடுங்குவதா? இந்தக் கேள்விக்கு முறையை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டியில் பரப்பிய பரங்கியைக் கிளற வேண்டியதில்லை, உப்பின்மேல் வைத்த கிழங்கைப் பார்க்க வேண்டியதில்லை, ஆகவே கைவேலை கூட்டைவிடக் குறைவு என்று என்னால் சொல்ல முடியும், அது உண்மையும்கூட. ஆனால் அறுக்கிற வேலை இருக்கிறது. முற்றிய பரங்கியைப் பிளப்பது எளிதல்ல. கத்தி வழுக்கினால் கை போகும். அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டு, காம்பின் பக்கத்தில் கத்திமுனையை இறக்கி, காயைச் சுழற்றிச் சுழற்றி அறுக்க வேண்டும். பெண்கள் முழுப் பூசணியைப் பிளக்கக் கூடாது என்ற பழைய நம்பிக்கை பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கையில் உடன்பாடு இல்லை. இருந்தாலும் அதைக் காட்டிக் காயை அறுக்க வருகிற ஆண்கள் அறுத்ததோடு எழுந்து போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மழைமாதத்தில் அளமும் கடலும் ஓய்ந்திருக்கையில் கைகள் சும்மா இருப்பது யாருக்கு என்பது இந்த அவைக்குத் தெரியும். விதை வழிப்பதும், உப்புப் பிசிறுவதும், சத்தம் தணிகிறவரை சட்டியருகே நிற்பதும் ஒருவரே செய்து முடிக்கக்கூடிய வேலை. இன்று இங்கே வந்திருக்கும் ஆண்களில் யாருக்காவது முறையில் ஐயம் இருந்தால், கூட்டம் முடிந்ததும் கேளுங்கள். அறுப்பதிலிருந்து மறுபடி சொல்கிறேன்.